எண்ணெயைக் கேட்பதா, டேங்கைக் கேட்பதா?

“தம்பி, வருடத்துக்கு இரண்டு முறை ரத்தம் எடுப்பது போல எண்ணெயை எடுத்துக்கொண்டு போகிறீர்கள். நோய் இருக்கிறது என்கிறீர்கள். எந்த இடத்தில் என்று கேட்டால் மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லையே?”

ராதாபுரத்துக்கும் திசையன்விளைக்கும் நடுவில் காற்றாலைகள் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் என்னிடம் கேட்டது இது. அவருடைய துணைமின் நிலையத்தில் நிற்பது 110/33 கிலோவோல்ட், 25 எம்விஏ (அது தாங்கும் மின்சுமையின் அளவு) டிரான்ஸ்பார்மர். அதன் எண்ணெயில் கரைந்த ஐதரசன் வாயு ஏறிக்கொண்டே வந்தது, உள்ளே ஏதோ கோளாறு என்பதற்கு அடையாளம் அது. அவருடைய காற்றாலைகள் அத்தனையும் அந்த ஒன்றின் வழியாகத்தான் மின்சாரத்தை வெளியே அனுப்ப வேண்டும். அது படுத்துவிட்டால் மாற்று கிடையாது. சோதிக்க ஐந்து வழிகள் இருந்தன, ஐந்துக்கும் விலைப்பட்டியல் வந்திருந்தது. எதற்குப் பணம் போடுவது? பிறகு நூற்பாலைக்காரர்கள் சிலரும் இதே கேள்வியோடு வந்தார்கள். நான் எப்படி எடை போட்டேன் என்பதை ஒருமுறை எழுதிவைத்துவிட்டால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

தேடுகிற பொருள் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்பார்மருக்குள் சுருளையும் இரும்பையும் பிரித்து வைத்திருப்பவை தாளும் பிரஸ்போர்டு என்கிற அழுத்திய அட்டையும் எண்ணெயும். அவற்றில் எங்காவது ஒரு காற்றுக் குமிழியோ, ஈரமோ, எர்த் இணைப்பு விட்டுப்போன உலோகத் துண்டோ இருந்தால் அந்த இடத்தில் மட்டும் சின்னச் சின்னப் பொறி பறக்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாயாத, பாதி வழியில் நின்றுவிடுகிற மின்கசிவு. பகுதி மின்னிறக்கம் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். இன்றைக்கு அதனால் எதுவும் வெடிக்காது. ஆனால் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே போகும். அந்தப் பொறி ஒவ்வொரு முறை பறக்கும்போதும் நான்கு தடயங்களை விடுகிறது: எண்ணெயில் வாயு, கம்பியில் ஒரு மின்துடிப்பு, டேங்குக்குள் ஒரு வானொலி அலை, பிறகு ஓர் ஒலி. சந்தையில் விற்கிற கருவிகள் பெரும்பாலும் இந்த நான்கில் ஏதோ ஒன்றைத்தான் பிடிக்கின்றன.

வாயுவைப் பிடிக்கும் எண்ணெய்ச் சோதனையை நான் எப்போதும் முதலில் வைப்பேன். டிஜிஏ என்றால்தான் எங்கள் ஆட்களுக்குப் புரியும். செலவு சில ஆயிரம் ரூபாய்தான், டிரான்ஸ்பார்மரை நிறுத்தவும் வேண்டாம். ஐதரசன் மட்டும் ஏறினால் பெரும்பாலும் பகுதி மின்னிறக்கம். அசிட்டிலீன் சேர்ந்தால் வலுவான பொறி. எத்திலீன் ஏறினால் எங்கோ உலோகம் கடுமையாகச் சூடாகிறது. கார்பன் மோனாக்சைடு ஏறினால் தாள் கருகுகிறதோ என்று பார்க்க வேண்டும். மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் மூன்றின் விகிதத்தை ஒரு முக்கோணத்தில் புள்ளியாக வைத்து, விழுந்த கட்டத்தைக் கொண்டு நோயின் வகையைப் படிக்கும் முறையைக் கனடாவின் மிஷெல் டூவால் கொடுத்தார். அந்த முக்கோணத்தைக் கடக்காத பராமரிப்புப் பொறியாளர் இன்று இருக்க முடியாது.

இதில் ஏமாறும் இடங்களும் உண்டு. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசியின் 60599 தரநூல், பவர் டிரான்ஸ்பார்மர்களில் வழக்கமாகக் காணப்படும் அளவின் மேல்வரம்பாக ஐதரசனுக்கு 50 முதல் 150 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை சொல்கிறது. அசிட்டிலீனுக்கு, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சரின் எண்ணெய் மெயின் டேங்கோடு கலக்காதவற்றில் 2 முதல் 20. கலக்கிறவற்றில் 60 முதல் 280. எத்தனை மடங்கு வித்தியாசம் என்று பாருங்கள். டேப் சேஞ்சர் அறையின் சீல் லேசாகக் கசிந்தாலே போதும், அங்கே அன்றாடம் பறக்கும் பொறியின் அசிட்டிலீன் மெயின் டேங்குக்குள் வந்து பொய்ப் புகார் கொடுத்துவிடும்.

எண்ணெய் எடுக்கும் கையும் பொய் சொல்லும். மூன்று வழி அடைப்பான் வைத்த கண்ணாடி சிரிஞ்சில், வால்வில் தேங்கிக் கிடந்ததை நன்றாக ஓடவிட்டு, சிரிஞ்சை அதே எண்ணெயால் கழுவி, குமிழி இல்லாமல் நிரப்பி, வெளிச்சம் படாமல் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். குடிநீர் பாட்டிலில் பிடித்து, பஸ்ஸில் ஜன்னலோர வெயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனவரை நான் பார்த்திருக்கிறேன். ஐதரசன் மிகச் சிறிய வாயு. அப்படிக் கொண்டுபோனால் ஆய்வகம் வரை அது வராது, வள்ளியூர் பஸ் நிலையத்திலேயே இறங்கிக்கொள்ளும்.

சரியாக எடுத்தாலும் அண்ணாச்சியின் கேள்விக்கு எண்ணெயிடம் விடை கிடையாது. டேங்கில் 20,000 லிட்டர் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு பிபிஎம் என்பது அத்தனை எண்ணெயிலும் சேர்த்து 20 மில்லிலிட்டர் வாயு. ஒரு சிரிஞ்சு கொள்ளும் வாயுவைக்கூட ஆய்வகம் கண்டுபிடித்துவிடுகிறது, மெச்ச வேண்டியதுதான். ஆனால் குழம்பில் கரைந்த உப்பு எந்த ஓரத்தில் விழுந்தது என்று நாக்குக்குத் தெரியுமா?

டேங்கிலேயே பொருத்தி, நாள் முழுக்க வாயுவை அளக்கும் கருவி இரண்டாவது வழி. இதுவும் இடத்தைச் சொல்லாது, வேகத்தைத்தான் சொல்லும். ஒரு வாரத்தில் ஏறியதா, ஓர் இரவில் ஏறியதா என்பது சில நேரம் உயிர்ப் பிரச்சினை. கூடங்குளத்தில் ஒவ்வோர் அலகும் 1,000 மெகாவாட். அந்த அளவு மின்சாரம் ஒரே வாசல் வழியாக வெளியேறும் இடத்தில் இந்தக் கருவியின் விலையைப் பற்றி யோசிப்பதே வீண். 25 எம்விஏவுக்கு, அதுவும் வருடத்தில் பாதி நாள் பாதிச் சுமைகூட வராத காற்றாலை டிரான்ஸ்பார்மருக்கு, எல்லா வாயுக்களையும் அளக்கும் கருவி வாங்குவது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. ஐதரசனை மட்டும் பார்க்கும் சின்னக் கருவி என்றால் யோசிக்கலாம். அதையும் நோய் கண்ட டிரான்ஸ்பார்மரில் மட்டும் வைத்தால் போதும்.

மின்துடிப்பை நேரடியாக அளப்பது ஐஇசி 60270 முறை. விடையை மின்னூட்டத்தின் மிகச் சிறிய அலகான பிகோகூலோம் கணக்கில், எண்ணாகவே கொடுக்கும் ஒரே முறை இதுதான். புது டிரான்ஸ்பார்மரைத் தொழிற்சாலையில் ஏற்றுக்கொள்ளும் சோதனையில் 250 பிகோகூலோமுக்கு மேல் போகக் கூடாது என்று விதிப்பது இதை வைத்துத்தான். அங்கே அது ராஜா. நம் ஊர்த் திறந்தவெளி யார்டிலோ, உப்புக்காற்றில் நனைந்த இன்சுலேட்டர்களும் லைன்களும் இரவெல்லாம் முணுமுணுக்கும் கொரோனா (காற்றில் கசியும் மின்னிறக்கம்) இரைச்சலில் அது காது கேளாத ராஜா. டிரான்ஸ்பார்மரை நிறுத்தி, தனி மின்வழங்கி கொண்டுவந்து செய்யலாம். அந்தச் செலவைக் கேட்டதும் அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அதை விட்டுவிடுவோம்.

வானொலி அலையைப் பிடிக்கும் யுஎச்எஃப் முறையை அவ்வளவு லேசாக விட முடியாது. பொறி பறக்கும்போது 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3,000 மெகாஹெர்ட்ஸ் வரை வானொலி அலை எழும்புகிறது. இரும்பு டேங்க் ஒரு மூடிய பெட்டி. வெளியே நடக்கும் கொரோனா ஆரவாரம் பெரும்பாலும் உள்ளே நுழையாது. ஆண்டெனாவை உள்ளே வைத்துவிட்டால் காற்றும் மழையும் மணலும் ஒரு பொருட்டே இல்லை. இரைச்சலுக்கு நடுவில் “இருக்கிறதா, இல்லையா” என்று சொல்வதில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் ஆண்டெனாவை உள்ளே விடுவது எப்படி? எண்ணெய் இறக்கும் வால்வு வழியாக. அது கேட் வால்வாக, முழுக்கத் திறந்தால் நேர்க்குழாயாக இருக்க வேண்டும். அண்ணாச்சியின் டிரான்ஸ்பார்மரில் இருந்தது பட்டர்பிளை வால்வு. நடுவில் தட்டு குறுக்கே நிற்கும், கம்பு போகாது. யுஎச்எஃப் சோதனைக்கு வந்த விலைப்பட்டியல் ஒரு வால்வில் முட்டிக்கொண்டு நின்றது. புதிதாக டிரான்ஸ்பார்மருக்கு ஆர்டர் கொடுக்கிறவர்கள் இந்த வால்வை மட்டுமாவது கேட்டு வாங்கிவிடுங்கள். பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

மிஞ்சியது ஒலி. அண்ணாச்சி கேட்ட “எந்த இடத்தில்” என்பதற்கு விடை சொல்லக் கூடியதும் இதுதான்.

காருக்குறிச்சியில் பானை வாங்குகிறவர்கள் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். இங்கே நாம் தட்டுவதில்லை, பானையே உள்ளிருந்து தட்டுகிறது. பொறி பறந்த இடத்தில் எண்ணெய் நொடிப்பொழுதில் சூடாகி விரிகிறது. அந்த அதிர்ச்சி ஒலியலையாகி டேங்க் சுவரை வந்து மோதுகிறது. மனிதக் காதுக்கு எட்டாத ஒலி. காந்தத்தால் சுவரில் ஒட்டிக்கொள்ளும், கட்டைவிரல் பருமனுள்ள பீசோ சென்சார் அதை மின்துடிப்பாக மாற்றும். பெரும்பாலானவை 150 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிக்கு நன்றாகச் செவிசாய்க்கும்படி செய்யப்பட்டவை. இந்த வேலைக்கென்றே மின்பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇ வெளியிட்ட சி57.127 என்ற வழிகாட்டி உண்டு, 2018இல் திருத்தப்பட்டது. டிரான்ஸ்பார்மரை நிறுத்த வேண்டாம், வால்வு வேண்டாம், துளை வேண்டாம். சிலிக்கோன் கிரீஸ் ஒரு விரல் தடவி ஒட்ட வைத்தால் போதும்.

கேட்பதற்கு இவ்வளவு எளிது. அண்ணாச்சியின் டிரான்ஸ்பார்மரில் முதல் முறை செய்தபோது எங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

ஒலிச் சோதனைக் குழு ஆடி மாதம் வந்தது. எங்கள் மேலாளர்தான் தேதி கொடுத்தார், காற்று சீசன், டிரான்ஸ்பார்மர் முழுச் சுமையில் இருக்கும், அப்போதுதான் நோய் தெரியும் என்று. வந்தவர்களும் மறுத்துப் பேசவில்லை. கணவாய் வழியாக இறங்கும் தென்மேற்குக் காற்று மே முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கத்தில் செம்மணலை வாரி இறைக்கும். மணல் ஒவ்வொன்றும் டேங்கில் மோதுவது சென்சாருக்கு ஒரு பொறி. திரை முழுக்க நெல் பொரிவது போலப் புள்ளிகள். ரேடியேட்டர் விசிறிகள் வேறு முழுவீச்சில் ஓடிக்கொண்டிருந்தன. விடிய விடிய உட்கார்ந்துவிட்டு, “பல இடங்களில் ஒலி காணப்படுகிறது” என்று நாற்பது பக்க அறிக்கை கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் பணம் பறந்தது.

தவறு எங்களுடையதுதான். பகுதி மின்னிறக்கத்துக்கு வேண்டியது மின்னழுத்தம். சுமை எவ்வளவு என்பது அதற்கு அவ்வளவு முக்கியமில்லை. காற்றாலைகள் அசையாமல் நிற்கிற நாளிலும் டிரான்ஸ்பார்மரின் தலையில் 110 கிலோவோல்ட் இருக்கத்தான் செய்கிறது, பொறி பறந்துகொண்டுதான் இருக்கும். சூட்டால் வரும் நோய்க்குத்தான் சுமை வேண்டும், அதை ஒலி கேட்காது, ஆடி மாத எண்ணெய்தான் சொல்லும். ஆக எண்ணெயைக் காற்று சீசனில் எடுக்க வேண்டும், ஒலியைக் காற்று அடங்கிய பிறகு கேட்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையும் டேங்கைத் தட்டும், அதனால் தை கடந்து மாசி. நம் சீமைக்கு இந்தக் கணக்கு எந்தத் தரநூலிலும் இல்லை.

அதுவரை மாதம் ஒருமுறை எண்ணெய் எடுத்தோம். அசிட்டிலீன் நகராமல் இருந்ததால் காத்திருக்கத் துணிந்தோம். அது நகர்ந்திருந்தால் நான் ஒரு நாளும் காத்திருந்திருக்க மாட்டேன்.

மாசி மாதம் வேறு குழு வந்தது. இரவு பதினொன்றுக்கு மேல், காற்று அறவே இல்லை. சுமை குறைவு என்பதால் விசிறிகளைக் கால் மணி நேரம் நிறுத்தி வைத்தோம். நிறுத்தியதும் அதுவரை கேட்காத டிரான்ஸ்பார்மரின் சொந்த முனகல் தெளிவாகக் கேட்டது. நூறு ஹெர்ட்ஸ். இரும்புத் தகடுகள் மின்சுழற்சிக்கு இரண்டு முறை நீண்டு சுருங்குவதால் வருவது. இதுவும் மின்சுழற்சியோடு தாளம் தப்பாமல் வரும் என்பதால் தாளத்தை மட்டும் வைத்துப் பொறி என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் இரும்பின் ஓசை தாழ்ந்த அதிர்வெண்ணில் கிடக்கிறது. 100 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். மீதியில் பத்து மில்லிவினாடிக்கு ஒருமுறை தலைகாட்டுவது எது என்று பார்க்க வேண்டும்.

எட்டு சென்சார். ஆறாவது சென்சார் விடாமல் கத்தியது. குழுவில் இருந்த பெண் பொறியாளர் திரையைப் பார்க்கவே இல்லை. எழுந்து போய், டேங்கில் பொருத்திய கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். கத்தல் நின்றது. கதவின் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்த நிமிடம் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. கருவியைவிட ஆள் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிறகு டேங்கின் எர்த் பட்டையில் ஒரு மின்னோட்டக் கவ்வியை மாட்டினார். பொறியின் மின்துடிப்பு அதில் உடனே தெரியும். ஒலி எண்ணெயைக் கடந்து மெதுவாக வந்து சேரும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிப் பார்ப்போமே, அதே கணக்கு. எண்ணெயில் ஒலியின் வேகம் சாதாரண வெப்பத்தில் வினாடிக்கு 1,400 மீட்டரை ஒட்டியது, 80 டிகிரியில் 1,200 அளவுக்கு இறங்கிவிடும். இந்த வெப்பத் திருத்தத்தைச் செய்யாமல் இடம் சொல்கிறவரை நம்பாதீர்கள். மின்துடிப்பு கிடைத்தால் மூன்று சென்சாரில் இடம் கணிக்கலாம். கிடைக்காவிட்டால் பொறி பறந்த நேரமும் தெரியாது என்பதால் நான்கு வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு. மின்துடிப்பைத் தொடக்கமாக வைத்து நூறு முறை ஒலியைப் பதிந்து சராசரி எடுத்தால், தாளமில்லாத இரைச்சல் பத்தில் ஒன்றாகத் தேய்ந்துவிடும். பொறியின் ஒலி மட்டும் அப்படியே நிற்கும்.

நடு ஃபேஸுக்கு நேரே, கீழ்ப்பகுதியில் ஒட்டிய சென்சாரில் 0.6 மில்லிவினாடி. எண்ணெய் 40 டிகிரியில் இருந்தது, கணக்குப்படி சுமார் 80 சென்டிமீட்டர் தூரம். அவர் அதோடு விடவில்லை. ஒலிக்கு இரண்டு பாதை உண்டு. நேராக எண்ணெய் வழியே வருவது ஒன்று. முதலில் அருகிலுள்ள சுவரை அடைந்து இரும்பு வழியே ஓடிவருவது மற்றது. இரும்பில் ஒலியின் வேகம் எண்ணெயில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், சில வகை அலைக்கு நான்கு மடங்கு. அதனால் சுற்றிவந்தது முந்திக்கொள்ளும், கணக்கு பிசகும். நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூணைத் தட்டிவிட்டுப் பக்கத்துத் தூணில் காதை வைத்தவர்களுக்கு இந்தக் குழப்பம் புரியும். இதற்கு மருந்து, சென்சாரைக் கையளவு கையளவாக நகர்த்தி, அலை சரேலென்று செங்குத்தாக எழும்பும் இடத்தைத் தேடுவது. இரும்பு வழியே வந்தது சாய்வாக, தயங்கித் தயங்கித்தான் எழும்பும். இரவு இரண்டரை மணிக்கு டேங்கில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

எண்ணெயை இறக்கி, ஆள்நுழைவு வழியாக உள்ளே பார்த்தபோது, சுருளை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப்பின் எர்த் இணைப்பு தளர்ந்திருந்தது. போல்ட்டின் அடியில் புளியங்கொட்டை அளவுக்குக் கருப்பு. போல்ட்டை இறுக்கி, பிரஸ்போர்டைத் துடைத்து, எண்ணெயை வடிகட்டி நிரப்பினார்கள். இடம் தெரியாமல் இருந்திருந்தால் லாரியில் ஏற்றித் தொழிற்சாலைக்கு அனுப்பியிருப்பார்கள், அடுத்த சீசன் கைவிட்டுப் போயிருக்கும்.

இதைச் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் விட்டால் நான் கருவி விற்கிறவன் ஆகிவிடுவேன். கங்கைகொண்டான் தாண்டி ஒரு நூற்பாலையில் இதே போல ஐதரசன் ஏறியது, இதே குழு இரண்டு இரவு கேட்டது. ஒன்றும் கேட்கவில்லை. பொறி சுருளின் உட்புறத்தில் இருந்தால், தாளும் பிரஸ்போர்டும் ஒலியைக் குடித்துவிடும். சுவரின் உட்பக்கம் காந்தத் தடுப்புத் தகடுகள் இருந்தாலும் அப்படித்தான். அதனால் கேட்கவில்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று கையெழுத்துப் போட முடியாது. அங்கே மாதாமாதம் எண்ணெய் பார்த்ததில் ஐதரசன் ஓர் அளவில் நின்றுவிட்டது. சில எண்ணெய்கள் சூடானாலே ஐதரசனைக் கக்கும். புதிதாக நிரப்பிய எண்ணெயின் குணம்தான் அது என்று கணித்தோம். ஒலி அங்கே செலவு மட்டும்தான்.

எத்தனை பிகோகூலோம் என்றும் ஒலி சொல்லாது. அருகிலுள்ள சின்னப் பொறி உரக்கக் கேட்கும், ஆழத்திலுள்ள பெரிய பொறி கிசுகிசுக்கும்.

அண்ணாச்சிக்கு நான் சொன்னது இதுதான். ஒலிக் கருவியைச் சொந்தமாக வாங்க வேண்டாம். வாங்கினால் அது அலமாரியில் தூங்கும், கேட்கத் தெரிந்த ஆள் போய்விடுவார். எண்ணெயை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதில் ஒன்று கட்டாயம் ஆடியில். ஐதரசன் வரம்பைத் தாண்டி ஏறிக்கொண்டே போனாலோ, அசிட்டிலீன் வந்து, டேப் சேஞ்சர் கசிவு இல்லை என்று உறுதியானாலோ, அப்போது ஒலிக் குழுவைக் கூப்பிடலாம். காற்றாலை ஒவ்வொன்றின் அடியிலும் நிற்கிற சின்ன 33 கிலோவோல்ட் டிரான்ஸ்பார்மர்களுக்கு ஒலி வேண்டவே வேண்டாம். அவற்றைச் சோதிப்பதைவிட மாற்றிவிடுவது மலிவு. வால்வு சரியாக இருக்கும் புது டிரான்ஸ்பார்மர் என்றால் யுஎச்எஃப்பும் ஒலியும் சேர்ந்த சோதனையைத்தான் கேட்பேன். யுஎச்எஃப் நேரத்தைச் சொல்லும், ஒலி தூரத்தைச் சொல்லும்.

குழுவோடு ஒப்பந்தம் எழுதும்போது மூன்று வரி சேர்க்கச் சொன்னேன்: காற்றும் மழையும் இல்லாத இரவு, மின்துடிப்புத் தொடக்கத்தோடு அளவீடு, இடத்தைச் சென்டிமீட்டரில் பிழை அளவோடு கொடுப்பது. நாற்பது பக்க அறிக்கை வேண்டாம்.

நம் பக்கம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. சென்சார் சொல்வது மூன்று எண்கள்தான்: இடமிருந்து இவ்வளவு, தரையிலிருந்து இவ்வளவு, சுவரிலிருந்து உள்ளே இவ்வளவு. அந்தப் புள்ளியில் டிரான்ஸ்பார்மருக்குள் என்ன இருக்கிறது என்பதை உள்ளமைப்பு வரைபடம்தான் சொல்லும். அண்ணாச்சியின் வரைபடம் பழைய ஆபீசின் பரணில், கரையான் பாதி தின்ற நிலையில் கிடைத்தது. நல்லவேளை, நடு ஃபேஸ் இருந்த பாதி மிச்சம் இருந்தது.